உளச்சிகிச்சைப் பயனை அளத்தல்: கணினி கொணர்ந்த மாற்றம்

உளச்சிகிச்சை பயன் தருகிறதா என்னும் வினாவைக் கூர்மைப்படுத்தியவர் இலண்டன் உளவியலறிஞர் ஹான்ஸ் ஐசெங்க். நியூரோசிஸ் நோயாளருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் முறையான உளச்சிகிச்சை இன்றியே ஈராண்டுகளுக்குள் தேறிவிடுகின்றனர் என்று அவர் 1952இல் எழுதினார். மருத்துவமனைப் பதிவுகளையும் காப்பீட்டுக் கோப்புகளையும் நம்பிய அவ்வொப்பீடு வலுவற்றது. எனினும் அது மூட்டிய சினமே அளவீட்டு ஆய்வுகளைப் பெருக்கிற்று எனலாம். 1977இல் ஸ்மித், கிளாஸ் ஆகிய இருவரும் 375 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். சிகிச்சை பெற்றவருள் சராசரி நிலையினர், பெறாதவருள் 75 விழுக்காட்டினரைவிட நலமுற்றிருந்தனர் என்பது அவர்தம் முடிபு.

அம்முடிபு சிகிச்சை முறையைப் பற்றியது. மருத்துவர் எதிரே அமர்ந்திருக்கும் தனியொருவரைப் பற்றியது அன்று. கணினியும் தொடக்கத்தில் இவ்விடைவெளியை நிரப்பவில்லை. 1960களில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் அது நீண்ட ஆளுமை வினாநிரலுக்கு மதிப்பெண் கணக்கிட்டு விளக்கம் அச்சிட்டுத் தந்தது. எழுத்தர் பணி விரைவுற்றது, அவ்வளவே.

உண்மையான திருப்பம் 1990களில் நேர்ந்தது. யூட்டா மாநிலப் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லாம்பர்ட் குழுவினர் உருவாக்கிய ஓ.கியூ.-45 என்னும் வினாநிரல் 45 வினாக்களே கொண்டது. ஒவ்வோர் அமர்வுக்கு முன்னும் நிரப்பத்தக்கது. மொத்த மதிப்பெண் 0 முதல் 180 வரை. மிகுதி துயரத்தைக் குறிக்கும். 14 புள்ளிகளுக்குக் குறைந்த ஏற்ற இறக்கம் அளவீட்டுப் பிழையாகவும் இருக்கக்கூடும் என்பதால் மாற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. பின்னர் வந்த மென்பொருள் நோயாளரின் போக்கை எதிர்பார்க்கப்படும் போக்குடன் ஒப்பிட்டு, பிறழ்ந்தால் மருத்துவருக்கு உடனே எச்சரிக்கை தந்தது. சிகிச்சை முடிந்தபின் எழுதப்பட்டுவந்த தீர்ப்பு, திருத்த இடமிருக்கும்போதே கிட்டியது.

அதன் தேவையை 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு உணர்த்துகிறது. 550 நோயாளருள் யார் சீர்கெடுவர் என்று மருத்துவர்களிடம் கேட்கப்பட்டது. அவர்கள் சுட்டியது மூவரை. சீர்கெட்டவரோ 40 பேர். பயிற்சியும் பரிவும் உடையோரின் கணிப்பே இது என்பதை மறத்தல் கூடாது.

இங்கிலாந்தில் 2008இல் தொடங்கிய அரசுத் திட்டம் அமர்வுதோறும் அளப்பதை நாடளாவிய நடைமுறையாக்கியது. ஆனால் அங்கு மதிப்பெண் நிருவாகக் கணக்காகவும் மாறிற்று. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ.-9 வினாநிரலில் 10 பெற்றவர், பதற்ற அளவு வரம்புக்குள் இருக்க, 9க்கு இறங்கினாலே 'மீண்டவர்' பட்டியலில் சேர்ந்தார். ஒரு புள்ளி இறக்கம் பிழையின் எல்லைக்குள் அடங்குவது. ஆகவே 'நம்பகமான மீட்சி' என்னும் தனிக் கணக்கும் பின்னர் வேண்டியதாயிற்று. அதற்கு இவ்வினாநிரலில் 6 புள்ளிகளேனும் குறைந்திருத்தல் வேண்டும்.