மரபணுத் தொகுதியும் ‘செயல்’ என்னும் சொல்லும்

மனித மரபணுத் தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்களால் ஆனது. அவற்றுள் புரதங்களை ஆக்குவதற்கான குறிப்புகளைத் தாங்கியவை நூற்றுக்கு இரண்டு பங்கிற்கும் குறைவு. எஞ்சிய பெரும்பகுதியின் பயன் யாது? இவ்வினாவின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

1972ஆம் ஆண்டில் சுசுமு ஓனோ என்னும் அறிஞர் அப்பகுதியைக் ‘குப்பை’ எனக் குறித்தார். அது ஏளனமன்று. தொகுதி முழுவதும் இன்றியமையாததாயின், தலைமுறைதோறும் நேரும் பிழைகளின் சுமையை நம் இனம் தாங்கியிராது என்பதே அவரது வாதம்.

2003இல் அமெரிக்காவின் தேசிய மனித மரபணுத் தொகுதி ஆய்வு நிறுவனம் ‘என்கோட்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தொகுதியிலுள்ள செயற்கூறுகள் யாவற்றையும் வரைபடமாக்குவதே அதன் நோக்கம். முதற்கண் நூற்றில் ஒரு பங்கு ஆராயப்பட்டு, 2007இல் முடிவுகள் வெளிவந்தன. 2012 செப்டம்பரில் 30 கட்டுரைகள் ஒருங்கே வெளியாயின. தொகுதியில் 80 விழுக்காட்டிற்குச் செயல் உண்டென அவை அறிவித்தன. குப்பைக் கொள்கை மடிந்தது எனச் செய்தித்தாள்கள் முழங்கின. படைப்பின் திட்டத்திற்குச் சான்று கிட்டியது என அமெரிக்காவில் சிலர் மகிழ்ந்தனர்.

ஆயின் ‘செயல்’ என்பதற்கு அவர்கள் கொண்ட பொருள் யாது? ஏதேனும் ஓர் உயிரணுவகையில், ஒரு பகுதி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படினும், அதனை ஒரு புரதம் பற்றினும் போதும். அது செயலுடையதெனக் கணக்கிடப்பட்டது. நிகழ்வு வேறு, பயன் வேறு என 2013இல் டான் கிரார் முதலியோர் வன்மையாக மறுத்தனர். 2014இல் திட்ட அறிஞர்களே வேதியியல், மரபியல், பரிணாமச் சான்றுகளைப் பிரித்துணர்தல் வேண்டும் என எழுதினர். அதே ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் சிலர், பரிணாமத்தால் காக்கப்பட்ட பகுதி 8.2 விழுக்காடே என மதிப்பிட்டனர். 2020இல் திட்டத்தினர் வெளியிட்ட பட்டியலில், மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் கூடியவை எனக் கருதத்தக்க 9,26,535 கூறுகள் இடம்பெற்றன. அவை தொகுதியில் 7.9 விழுக்காடாகும்.

இவ்வாய்வுத் துறையின் பயன் சிறிதன்று. பி.சி.எல்.11.ஏ. என்னும் மரபணுவினுள், புரதக் குறிப்பு ஏதுமற்ற ஒரு முடுக்கிப் பகுதி உண்டு. அதனைத் திருத்தி அரிவாளணுச் சோகை நோயைத் தணிக்கும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் ஒப்புதல் அளித்தது.

ஆகவே, அனைத்தும் குப்பை என்பதும் அனைத்தும் பயனுடையது என்பதும் மிகைக்கூற்றுகளே. திருமறையின் ஒரு சொல்லை அதன் இடமறிந்து பொருள்கொள்ளப் பயின்ற நாம், அறிவியலாரின் சொல்லையும் அவ்வாறே ஆராய்தல் தகும். விழுக்காடுகள் மாறுவன, அவற்றின்மீது நம் போதனையைக் கட்டுதல் மணல்மேல் வீடு கட்டுதலேயாகும்.