சாந்தி சௌந்திரராஜன்
புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் 1981-இல் பிறந்த நடுத்தொலைவு ஓட்ட வீராங்கனை. பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள், பட்டியலினக் குடும்பம். முதலில் ஓடப் பழக்கியவர் தாத்தா, பழகிய இடம் ஊர் மண்தரை. செயற்கைத் தடமும் சத்துணவும் முறையான பயிற்சியும் சிறுவயதிலேயே கிடைத்தவர்கள் எட்டும் உயரத்தை இவர் அவையின்றித் தொடங்கி எட்டினார் என்பதே இவரது வாழ்வில் முதன்மையாகப் பதிய வேண்டிய செய்தி. 2005-இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். மறு ஆண்டு கொழும்பு தெற்காசிய விளையாட்டிலும் பதக்கம் பெற்றார். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டின் 800 மீட்டர் இறுதியில் பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமாலுக்கு அடுத்ததாக 2 நிமிடம் 3.16 விநாடியில் எல்லைக்கோட்டைக் கடந்தார். கஜகஸ்தான் வீராங்கனை 3.19-இல் வந்தார். நூற்றில் மூன்று விநாடி என்பது கடைசி எட்டில் நெஞ்சை முன்தள்ளும் அளவுக்கே ஆன இடைவெளி. தமிழ்நாடு அரசு 15 லட்சம் ரூபாய் பரிசளித்தது. போட்டி முடிந்த சில நாட்களில், பாலினச் சோதனையில் தேறவில்லை எனப் பதக்கம் பறிக்கப்பட்டது.

அந்தப் பறிப்பு நியாயமற்றது. அவர் மீது ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு இல்லை. எதையும் மறைத்தார் என்றும் எவரும் சொல்லவில்லை. எல்லாப் பெண்களுக்கும் கட்டாயமாக இருந்த பாலினச் சோதனையை உலகத் தடகளச் சங்கம் 1990-களின் தொடக்கத்திலும், ஒலிம்பிக் குழு 1999-இலும் கைவிட்டிருந்தன. சந்தேகம் எழுந்தவரை மட்டும் சோதிக்கும் வழக்கம் மிஞ்சியது. ஹார்மோன் அளவுக்கு எண்ணால் வரம்பு 2011-இல்தான் வந்தது. அதாவது, எழுதி வைக்காத ஒரு கோட்டைத் தாண்டியதாக 2006-இல் தண்டனை. ஸ்பெயினின் மரியா ஹோசே மார்ட்டினெஸ் பத்தினியோ 1985-இல் ஜப்பானின் கோபே நகரப் போட்டியில் சோதனையால் நிறுத்தப்பட்டு, வாதாடி 1988-இல் தகுதியை மீட்டார். தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா 2009 பெர்லின் உலகத் தடகளப் போட்டியில் நடந்த சோதனைக்குப் பிறகும் தங்கத்தை வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு நாடே நின்றது. சாந்திக்காக மேல்முறையீடு செய்ய இந்திய விளையாட்டு அமைப்பு எதுவும் முன்வரவில்லை. வேறுபாடு உடலில் இல்லை, ஆதரவில்தான் இருந்தது.

பெண்கள் பிரிவுக்கு ஓர் எல்லை வேண்டாமா என்பது எளிதில் தள்ளக்கூடிய கேள்வி அல்ல. எல்லை தேவைதான். ஆனால் அது முன்கூட்டி அறிவிக்கப்பட்டு எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். இந்திய ஓட்ட வீராங்கனை தூத்தி சந்த் தொடுத்த வழக்கில் 2015-இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம், போதிய சான்று இல்லை என்று 2011 விதியையே நிறுத்தி வைத்தது. 2018-இலும் அதன் பின்னும் வந்த கடுமையான விதிகள்கூட வரும் போட்டிகளுக்கே பொருந்துபவை. பழைய பதக்கங்களை அவை பறிக்கவில்லை. மூன்றாவதாக வந்தவரின் உரிமை என்ன ஆகும் என்றும் கேட்கலாம். அதற்கு வழி உண்டு: 2002 சால்ட் லேக் குளிர்கால ஒலிம்பிக்கில் ஃபிகர் ஸ்கேட்டிங் இணைகள் இரண்டுக்குத் தங்கம் கொடுத்தார்கள். வெள்ளியையும் அப்படிப் பகிர்ந்திருக்கலாம். சோதனை முடிவு ஊடகங்களில் கசிந்து, வீராங்கனையின் உடல் ஊர்வாய்க்குத் தீனியானதைத்தான் எந்த ஏற்பாட்டாலும் ஈடுசெய்ய முடியாது.

பின்னர் புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்தார். அவர்களில் சிலர் சென்னை மாரத்தானில் முன்னிடங்கள் பெற்றனர். ஒப்பந்தப் பயிற்சியாளர் வேலைக்குப் பின் 2012-இல் செங்கல் சூளையில் தினக்கூலிக்குப் போனது நாடெங்கும் செய்தியானது. அதன் பிறகே பாட்டியாலாவில் பயிற்சியாளர் பட்டயம் படிக்கும் வாய்ப்பு வந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் பணி பின்னர் கிடைத்தது. தோகா பதக்கம் திருப்பித் தரப்படவில்லை.