பெரிய ஆறும் பிரதமர் பெயரும்

புவியியல் என்பது இருப்பதை இருந்தபடி எழுதிவைக்கிற சாதுவான துறை என்றுதான் பள்ளிக்கூடம் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. கனடாவின் வடகிழக்கு மூலையில், லாப்ரடாரில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே போதும், அந்தச் சாது வேஷம் கலைந்துவிடும்.

அஷுவானிப்பி ஏரியில் கிளம்பி, ஏரியும் சதுப்புமான பீடபூமியைக் கடந்து, சுமார் 856 கிலோமீட்டர் ஓடிக் கடலை நோக்கிப் போகிறது அது. கரிபு மான்களின் தடம் பார்த்து அந்த நிலத்தில் வாழ்ந்த இன்னு மக்களுக்கு அது மிஷ்டா-ஷிப்பு, அதாவது பெரிய ஆறு. 75 மீட்டர் விழுந்த அதன் பேரருவி பட்ஷெட்ஷுவனாவ். ஆவி எழும் இடம் என்று பொருள். இந்தப் பெயர்களில் யாருடைய உடைமையும் இல்லை. பார்த்தது இருக்கிறது, அவ்வளவுதான்.

1821ல் நியூஃபவுண்ட்லாந்து ஆளுநர் பெயரால் அது ஹாமில்டன் ஆறானது. 1839ல் ஹட்சன் விரிகுடா கம்பெனியின் ஜான் மக்லீன், வணிகத்துக்கு வழி தேடிப்போய் அருவியைப் பார்த்தார். நூல்கள் அதைக் ‘கண்டுபிடிப்பு’ என்கின்றன. அங்கேயே வாழ்ந்தவர்கள் பார்த்தது எந்தக் கணக்கிலும் வரலை. 1965ல் வின்ஸ்டன் சர்ச்சில் இறந்ததும் ஆறும் அருவியும் சர்ச்சில் ஆயின. அந்த ஆற்றுக்கும் அந்த மனிதருக்கும் என்ன உறவு? மாகாண முதல்வர் ஜோயி ஸ்மால்வுட், லண்டன் மூலதனம் தேடி 1952ல் சர்ச்சிலைப் பார்த்தார். மறுவருஷமே பிரிங்கோ என்ற நிறுவனத்துக்கு லாப்ரடாரின் பெரும்பரப்பில் உரிமைகள் போயின. பெயர், மூலதனத்தின் பின்னாலேயே வந்தது.

ஒரு நிலத்தை ‘ஆளில்லாத இடம்’ என்று எழுதிவிட்டால் பிறகு யாரையும் கேட்கவேண்டியதில்லை. 1967ல் வேலை தொடங்கியது. அணைச்சுவர் ஒன்றல்ல, 88 கரைகள். நீளம் 64 கிலோமீட்டர். 6500 சதுர கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர் தேங்கியது. மெஷிகமாவ் என்கிற பெரிய ஏரி அதற்குள் போனது. இன்னு மக்களின் வேட்டைநிலங்கள், முகாம்கள், புதைத்த இடங்கள் எல்லாம் போயின. சம்மதம் கேட்கவில்லை. அந்த நீர்த்தேக்கத்துக்கு ஸ்மால்வுட் பெயர். 1971ல் மின்சாரம் வந்தது. 5428 மெகாவாட் நிலையம் நிலத்தடிப் பாறைக்குள் இருக்கிறது. ஆறு அதற்குள் திருப்பப்பட்டதால் அருவியில் பெரும்பாலும் பாறைதான் மிச்சம். ஆவி எழும் இடத்தில் ஆவி இல்லை.

பிறகு நடந்த சண்டை பிரசித்தம். 1969 ஒப்பந்தப்படி கியூபெக் 2041 வரை அடிமாட்டு விலைக்கு மின்சாரம் வாங்கலாம். ஏமாந்துபோனோம் என்று நியூஃபவுண்ட்லாந்து நீதிமன்றம் ஏறியது. 2018ல் கனடிய உச்சநீதிமன்றம் கியூபெக் பக்கம் நின்றது. ஆனா கவனிக்கணும்: திருடப்பட்டது விலை என்றுதான் இரு தரப்பு வாதமும் ஓடியது, நிலம் என்று இல்லை. இன்னு மக்களுக்கு ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் ஈடு என்று மாகாணம் ஒப்புக்கொண்டதே 2011ல்தான். அந்த உடன்பாட்டுக்குள்ளேயே கீழாற்றில் இன்னொரு அணைக்கான சம்மதமும் இருந்தது. முந்தைய இழப்புக்கு நியாயம் வேண்டுமானால் அடுத்ததுக்குக் கையெழுத்துப் போடு என்கிற நிலைமை.

2008ல் இன்னு முதியவர்கள் சொன்ன 500க்கும் மேற்பட்ட இடப்பெயர்கள் தொகுத்து இணையத்தில் வைக்கப்பட்டன. இதைப் பழமை ஏக்கம் என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் வெற்றிடம் என்று எழுதப்பட்ட நிலத்தில் ஐந்நூறு பெயர்கள் என்பது ஒரு மறுப்பு வாக்குமூலம். அதைப் படிக்கத் தெரியாத புவியியலுக்கு அடுத்த அணையையும் பார்க்கத் தெரியாது.