மெஸ்மர் எண்ணாதது

1974 மார்ச்சில் பிரான்சின் பிரதமர் பியேர் மெஸ்மர், நாடு இனி அணுமின்சாரத்தையே பெரிதும் நாடும் என்று தொலைக்காட்சியில் அறிவித்தார். அவரை அச்சுறுத்தியது புவி வெப்பமன்று. 1973 அரபு-இசுரேல் போரையடுத்து நான்கு மடங்காகிவிட்ட எண்ணெய் விலை. நாடாளுமன்ற வாக்கெடுப்பு ஏதுமில்லை. 1977இல் கிரேய்-மால்வீல் ஈனுலைக்கு எதிரான ஊர்வலத்தில், காவல்துறை வீசிய கையெறிகுண்டுக்கு இளம் ஆசிரியர் ஒருவர் பலியானார். ஆயினும் 1990 வாக்கில் 50க்கும் மேற்பட்ட உலைகள் இயங்கின. மின்சாரத்தில் முக்கால் பங்கு அவற்றினுடையது. யாரும் குறிவைக்காமலே கரியமில வாயு குறைந்தது. காலநிலைக்கு மருந்தாக அணுவை முன்மொழிவோர் இன்று காட்டும் முதற்சான்று இது. (அவ்வாசிரியர் அச்சான்றில் இடம்பெறுவது அரிது.) எனக்கு உறுத்துவது வேறொன்று. 2003 கோடையின் வெப்ப அலையில், உலைகளைக் குளிர்விக்கும் ஆறுகளே சூடேறின. சில உலைகள் உற்பத்தியைக் குறைத்தன. சிலவற்றுக்கு, வெந்நீரை ஆற்றில் விடுவதற்கான வரம்பை அரசே தளர்த்தியது.