விண்டோஸ் 10 அக்டோபர் 2018 புதுப்பிப்பு (பதிப்பு 1809)

மைக்ரோசாஃப்ட் 2018 அக்டோபர் 2 அன்று வெளியிட்டு, பயனர்களின் கோப்புகள் அழிவதாகப் புகார் எழுந்ததும் சில நாட்களிலேயே நிறுத்திவைத்த இயங்குதளப் புதுப்பிப்பு. ‘டாக்குமெண்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ போன்ற கோப்புறைகளை வேறு டிரைவுக்கு மாற்றி அமைத்திருந்தவர்கள் முக்கியமாகப் பாதிக்கப்பட்டனர். பழைய இடத்தில் தேவையின்றிக் கிடக்கும் வெற்றுக் கோப்புறைகளை அகற்றச் சேர்த்த நிரல், உள்ளே கோப்புகள் இருந்தபோதும் அவற்றை நீக்கிவிட்டது; புதிய இடத்தில் இருந்தவை தப்பின. புகார்கள் நிறுவல்களில் 0.01 விழுக்காடுதான் என்றது நிறுவனம். குடும்பப் படங்களை இழந்தவருக்கு அந்தக் கணக்கு ஆறுதலாகாது.

அழிந்த இடத்தில் புதிய தரவு எழுதப்பட்டால் மீட்பது அரிது. ஆகவே, கணினியைக் கூடியவரை பயன்படுத்தாமல் உதவி மையத்தை அழைக்கும்படி மைக்ரோசாஃப்ட் அறிவுறுத்தியது. சோதனைப் பயனர் சிலர் வெளியீட்டுக்கு முன்பே கோப்புகள் அழிவதைத் தெரிவித்திருந்தனர். திருத்திய பதிப்பு நவம்பர் 13 அன்று வெளியானது.