பெயர் மாற்றிய தோட்டம்

ஆர்ஷைல் கார்க்கி 1940களின் தொடக்கத்தில் வரைந்த ‘சோச்சியில் தோட்டம்’ வரிசை ஓவியங்களைப் பார்க்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சோச்சி கருங்கடல் கரையிலுள்ள ருஷ்ய ஊர். தோட்டம் அங்கே இல்லை. அது வான் ஏரிக்கரையில், கோர்கோம் என்ற ஆர்மீனிய கிராமத்தில், அவருடைய அப்பாவின் தோட்டம்.

கார்க்கியின் பெயரும் இப்படித்தான். பிறப்பில் வோஸ்தானிக் அதோயன். 1915இல் ஆட்டோமன் அரசு ஆர்மீனியர்களை அழித்தபோது தாயோடு நடந்தே எரவான் பக்கம் போனவர். 1919இல் தாய் பட்டினியில் இறந்தாள். 1920இல் அமெரிக்கா வந்து சேர்ந்தார். அங்கே தம்மை மாக்ஸிம் கார்க்கியின் உறவினர் என்று சொல்லிக்கொண்டார். மாக்ஸிம் கார்க்கி என்பதே புனைபெயர்.

1912இல் வானில் எடுத்த புகைப்படம் ஒன்று அவரிடம் இருந்தது. தாய் உட்கார்ந்திருக்கிறாள், பையன் பக்கத்தில் நிற்கிறான். அதை வைத்து ‘ஓவியனும் தாயும்’ என்று இரண்டு ஓவியங்கள். பத்து வருஷத்துக்கும் மேல் சுரண்டிச் சுரண்டித் தீட்டினார். கைகள் கடைசிவரை உருப்பெறவில்லை, வெறும் வண்ணத் திட்டுகளாக நின்றுவிட்டன.

தோட்டத்துக்குப் புகைப்படம் இல்லை. 1942இல் நியூயார்க் நவீன கலை மியூசியத்துக்கு எழுதிக்கொடுத்த குறிப்பில் அவர் நினைவுகூர்வது இவ்வளவு: காய்ப்பு நின்ற ஆப்பிள் மரங்கள், மண்ணில் பாதி புதைந்த நீலப் பாறை, பெண்கள் அதில் மார்பை உரசி வேண்டிக்கொள்வது, பட்டுப்போன ஒரு மரத்தில் ஊரார் கிழித்துக் கட்டிய துணிகள். ஓவியத்தில் இவற்றைத் தேடினால் அடையாளம் சொல்லும்படி எதுவும் கிடைக்காது. மிதக்கும் வடிவங்கள், மெல்லிய கோடுகள். ஆனால் கையின் தயக்கம் போய்விட்டது. ஒப்பிட்டுத் திருத்த எதிரே ஒன்றும் இல்லாததால்தான் என்று நினைக்கிறேன். ஆதாரம் இருந்த இடத்தில் ஓவியன் கட்டுண்டான். ஆதாரம் அழிந்த இடத்தில் அரூபம் சாத்தியமாயிற்று.

இதைத் தாங்க முடியாதவர்களும் உண்டு. தங்கைக்கு அவர் எழுதியவை என்று மருமகன் 1970களில் வெளியிட்ட கடிதங்களில் ஆர்மீனிய மண்ணும் பால்யமும் பொங்கி வழிகின்றன. விமர்சகர்கள் அவற்றை வைத்தே ஓவியங்களுக்கு உரை எழுதினார்கள். பிறகு வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் தேடியபோது பல கடிதங்களுக்கு மூலம் இல்லை. அவை இட்டுக்கட்டியவை என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. இல்லாத புகைப்படத்தைத் தயாரித்துக் கொடுக்கும் வேலைதான் இதுவும். பாசத்தோடு செய்தது என்பதால் அதன் கேடு குறைந்துவிடாது.

பால்யத்தின் நிலக்காட்சியை வரைவது என்றால் அதை மீட்பது என்று நம்மிடையேயும் ஒரு எண்ணம் இருக்கிறது. மீட்க அங்கே என்ன இருந்தது? அந்தக் கிராமத்து ஆர்மீனியர்களே போய்விட்டார்கள். 1943 கோடையில் கார்க்கி வர்ஜீனியாவில் மனைவியின் பெற்றோருடைய பண்ணைக்குப் போய், புல்லுக்குள் உட்கார்ந்து வரைந்தார். மறு வருஷம் வந்த ஒரு ஓவியத்தின் தலைப்பில் தாயின் பூவேலை ஏப்ரன் இருக்கிறது. எதிரே இருந்தது அமெரிக்கப் புல். ஞாபகம் அதைப் பார்க்கும் கண்ணாக இருந்தது.