கடலுக்குள் போன இரண்டு தீவுகள்

தர்மபுரிக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் ஒகேனக்கல்தான். கடலைப் பார்க்க ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும். அப்படித்தான் வகுப்பு நண்பர்கள் ஐந்து பேர் பாம்பன் வரை போய், ஒருநாள் குருசடைத் தீவைப் பார்த்துவிட்டு வந்தோம். அழகை வர்ணிக்க நிறைய பேர் இருக்கிறார்கள். நான் வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன்.

குருசடை சின்னத் தீவுதான். ஆனால் கடல் உயிரியல் படிப்பவர்களுக்குப் புனிதத் தலம் மாதிரி. சென்னை அருங்காட்சியகத்தின் கிரேவ்லி 1927-லேயே இதன் கரையோர உயிரினங்களைப் பற்றித் தனி நூல் கொண்டுவந்துவிட்டார்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் இப்படி 21 தீவுகள். "இருந்தன" என்றுதான் எழுத வேண்டும். கீழக்கரை பக்கத்துப் பூவரசன்பட்டியும், தூத்துக்குடி பக்கத்து விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்கு அடியில்!

காரணம் என்ன? கடல் மட்டம் உயர்வது ஒன்று. அதைவிடப் பெரியது, நாம் கல் எடுத்தது. வீடு கட்டவும், சுண்ணாம்புக் காளவாய்க்கும், சிமெண்ட் ஆலைக்கும் பல வருடம் பவளப்பாறையை உடைத்து வள்ளத்தில் ஏற்றினார்கள். தீவைச் சுற்றியுள்ள பாறைதான் அலையின் வேகத்தை உடைக்கும் மதில். மதில் போனால் மணல் தங்குமா?

1986-ல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமும் ஆனது. ஆனாலும் கல் எடுப்பது நிற்கவில்லை. 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. அதன் பிறகுதான் அது ஓய்ந்தது. உடைத்தவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர்களுக்கு அது அன்றாடக் கூலி. அந்தச் சுண்ணாம்பில் கட்டிய சுவருக்குள் வாழ்ந்தது ஊர் முழுக்க.

பி.காம் மாணவனாக எனக்கு உறுத்துவது கணக்குதான். வள்ளத்துக்கு வாடகை உண்டு, ஆளுக்குக் கூலி உண்டு. கல்லுக்கு மட்டும் விலை பூஜ்யம்! பெரிய பாறைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். முதலை எடுத்துத் தின்றுவிட்டு லாபம் என்று எழுதியிருக்கிறோம்.

பில் பின்னால் வந்தது. கரைந்துகொண்டிருந்த தூத்துக்குடி வான் தீவைக் காப்பாற்ற, 2015 டிசம்பரில் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க ஆரம்பித்தார்கள். காசுக்கு விற்ற கல் இருந்த கடலில், இப்போது காசு கொடுத்துக் கான்கிரீட்!

எங்கள் பக்கம் கடல் இல்லை, சரி. ஆனால் கிரானைட்டுக்காக அறுக்கப்படும் குன்றுகள் இருக்கின்றன. பவளமாவது விட்டுவைத்தால் மெதுவாகத் திரும்ப வளரும். குன்று வளருமா? கணக்குத் தெரிந்த நண்பர்கள் சொல்லுங்கள்.